குறையக் குறைய

தூத்தூர் இ-சேவை மையத்தில்
மத்தியானம் ஆள் வராது.
சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது.
நான் புயல்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
எது பலம், எது அதைவிடப் பலம் என்று.

முதலில் டிப். எழுபத்தொன்பது, அக்டோபர்.
நடுவில் காற்றழுத்தம் எண்ணூற்று எழுபது மில்லிபார்.
கடல்மட்டத்தில் எந்தப் புயலிலும்
அதற்குக் கீழே ஒரு எண் இன்றுவரை எழுதப்படவில்லை.
குமரிமுனையில் கால் வைத்துப் படுத்திருந்தால்
தலை டெல்லிக்குப் பக்கத்தில் போய் முட்டியிருக்கும்,
அவ்வளவு அகலம்.
ஆனால் உச்சத்தில் நின்ற அன்று
ஒரு தென்னையைக்கூட அது தொடவில்லை.
பசிபிக்கின் வெறும் தண்ணீரில்
தன்பாட்டுக்குச் சுழன்றது.
விமானம் ஒன்று அதன் கண்ணுக்குள் நுழைந்து
கருவியை இறக்கி
எண்ணை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

அடுத்தது பட்ரீசியா, எண்ணூற்று எழுபத்திரண்டு.
பிறகு வாயில் நுழையாத பெயர்கள்.
எங்கோ ஹையான், எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து,
கடலையே ஊருக்குள் கூட்டிவந்தது.
இறக்கினேன். இன்னும் இறக்கினேன்.
ஒக்கி அதில் இல்லவே இல்லை.
தனியாகத் தேடியதில் கிடைத்தது:
தொள்ளாயிரத்து எழுபத்தாறு.
அதுவும் மேலிருந்து படம் பார்த்து
மதிப்பிட்டதாம்.

"எதாக்கும் பெருசு?"

பின்னால் விர்ஜில். டீசல் வாசனை.
பாலித்தீன் கவரில் ரேஷன் கார்டு.
டிப்பைக் காட்டினேன்.

"எண்ணூறா? நம்மளுக்குத் தொள்ளாயிரம்லா போட்டிருக்கு.
அப்போ நம்மதில்லா பெருசு?"

இல்லண்ணே.
இது குறையக் குறையத்தான் பெருசு.

"குறையக் குறையவா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.
திரையையே பார்த்தான்.
"பதினோரு பேரு போனோம்" என்றான்.
பிறகு பேசவில்லை.
மிச்சக் கணக்கு எனக்குத் தெரியும்.
வள்ளவிளை முதல் நீரோடி வரை தெரியும்.
மூன்று.

கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
அப்போதுதான் சொன்னான்,
காது இரண்டும் அடைத்துக்கொண்டதாம்.
மலையேறும் பஸ்ஸில் அடைப்பதுபோல.
அதற்குப் பிறகு கிளீட்டஸ் கத்தியது
உதடாகத்தான் தெரிந்ததாம்.
ஐஸ்பெட்டி மூடியின் ஒரு முனையை இவனும்
மறுமுனையை அவனும் பிடித்திருந்தார்கள்.
நீவாடு வடக்கே இழுத்ததா தெற்கேயா
என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை,
பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போனவனுக்கு.
விடிந்தபோது மூடி
ஒருபக்கம் தூக்கிக்கொண்டு மிதந்தது.

விமானம் போகாத புயல் அது.
உள்ளே இருந்தவன் இவன்.
எத்தனை மில்லிபார் என்று
இவனிடம் யாரும் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம்
படகுப் பதிவு எண், வங்கிக் கணக்கு எண்,
பொருத்திப் பார்க்க ஒரு சொட்டு ரத்தம்.

"என்ன வேலையா வந்தீங்கண்ணே?"

"பேரு எடுக்கணும்.
அவனுக்க பேருல அரிசி வாங்கியாச்சு இத்தன காலம்.
இனி வேண்டாம்னு அவ சொல்லுதா."

'அவ' என்றது பிளாவியா, கிளீட்டஸின் மனைவி.
கவருக்குள் இறப்புச் சான்றிதழும் இருந்தது,
மடிப்பு விழாமல்,
ஒருநாளும் பிரித்துப் பார்க்காத காகிதம்போல.

பெயர் நீக்கம். சொடுக்கினேன்.
காரணம் என்ற இடத்தில் பட்டியல் விரிந்தது.
இறப்பு.
திருமணம்.
இடமாற்றம்.

விர்ஜில் குனிந்து, எழுத்துக்கூட்டி
மூன்றையும் வாசித்தான்.
மூன்றாவதில் விரல் வைத்தான்.
திரையில் எண்ணெய்த் தடம்.

"இது போடலாமா?"

"புது முகவரி கேக்கும்ணே."

வாசலைப் பார்த்தான்.
அங்கிருந்து கடல் தெரியாது.
எதிர்ச்சுவர்,
அதன்மேல் யாருடையதோ ஒரு நீல வலை, பாதி காய்ந்தது.

"செரி. நாளைக்கு வாறேன்"
என்று கார்டைக் கவருக்குள் வைத்தான்.
கவரின் வாயை
ரப்பர் பேண்டால் மூன்று சுற்றுச் சுற்றினான்,
தண்ணீர் புகாதபடி.